இரண்டாயிரத்து ஐநூறு அடி

ஹைதராபாதில், ஊருக்கு நடுவே இருந்த பழைய விமான நிலையத்தில் நான் பார்த்த வேலையை உறவினர்களுக்கு விளக்குவது எப்போதுமே கடினம். நான் விமானம் ஓட்டவில்லை. விமானிகளோடு பேசுவதும் என் வேலை இல்லை. ஓடுபாதைக்கு அப்பால் புல்வெளியில் ஒரு சின்னக் கட்டடம் உண்டு. அதன் கூரைமேல் வட்டமான இரும்புத் தளம், தளத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கூடு. வி.ஓ.ஆர். என்பார்கள். அது எல்லாத் திசைகளிலும் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். விமானி தன் முன்னால் உள்ள முள்ளைப் பார்த்து, நிலையத்திலிருந்து தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். அலை கிடைக்காவிட்டால் முள்ளுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புக் கொடி எட்டிப் பார்க்கும். அந்தக் கொடி எட்டிப் பார்க்காமல் காப்பது எங்கள் பணி. என் மாமனார் கடைசிவரை நான் ஏர்போர்ட்டில் எலெக்ட்ரீஷியன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

இந்த அலை நேராகப் போகும். பூமி வளைந்திருக்கிறது. இந்த இரண்டு உண்மைகளுக்கு இடையில்தான் எங்கள் பிழைப்பு. விமானம் தாழப் பறந்தால் சீக்கிரமே பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். உயரப் பறந்தால் வெகுதூரம்வரை நிலையத்தின் பார்வையில் இருக்கும். எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நிலையத்துக்கு மேல் விமானம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவான ஓர் எண்ணால் பெருக்கினால் கடல் மைல் கணக்கில் தூரம் வந்துவிடும். பத்தாயிரம் அடி என்றால் நூற்றிருபது மைலுக்குச் சற்று மேல். ஆயிரம் அடி என்றால் நாற்பதைத் தொடாது. ஒருமுறை ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர், தாழப் பறப்பவர்களுக்கும் கிடைக்கும்படி நிலையத்தின் சக்தியை ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்டார். மாற்ற வேண்டியது பூமியை, சார் என்று சொல்ல வாய் வந்தது. பரிசீலிக்கிறோம் என்று சொன்னேன்.

என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர் ஒருவர் அங்கே இருந்தார். மூன்று தலைமுறையாக சிகந்தராபாதில் இருக்கும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி தெருவிலிருந்து எடுத்தது. துறைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நான் அவருக்கு மேலதிகாரி ஆனேன். அதன்பிறகு ஆட்கள் முன்னால் 'சார்' என்றும் தனியாக இருக்கும்போது, தெரு உருதுவில் நண்பனைக் கூப்பிடுவதுபோல 'யார்' என்றும் கூப்பிடுவார். மாரெட்பள்ளியில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு.

அவருக்கு ஒரே மகள். இருபது வயதைக் கடந்தவள். பேச்சு சில சொற்களோடு நின்றுவிட்டது. தார்நாகாவில், அவளைப் போன்றவர்கள் காகித உறை ஒட்டும் ஒரு கூடம் இருந்தது. தினமும் காலையில் அவர் தன் ஸ்கூட்டரில் அவளை அங்கே கொண்டுபோய் விடுவார். அவள் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். ஆட்டோவில் ஏற மாட்டாள், அம்மாவோடு பஸ்ஸில் போக மாட்டாள். அப்பாவின் ஸ்கூட்டர் மட்டும்தான். அதனால் அவர் ஷிப்ட்டை யாராவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த மாற்றங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான்தான். விதிப்படி மாதத்துக்கு நான்கு முறைதான் மாற்றலாம். நான் எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மற்றதையெல்லாம் எண்ணினேன். முக்கியமாக லாக் புத்தகத்தின் கட்டங்களை. சிக்னல் சரியில்லை என்று விமானி புகார் சொன்னால், நேரம், திசை, தூரம், உயரம் என்று நான்கையும் எழுத வேண்டும். எங்கள் ஆட்கள் மூன்றை எழுதுவார்கள். உயரம் கன்ட்ரோலர் சமாச்சாரம், டவரில் அவர்களிடம் இருக்கும், நமக்கெதற்கு என்பது அங்கே பரம்பரை வழக்கம். உயரம் தெரியாமல் தூரத்தை மட்டும் எழுதினால் அந்தப் புகாருக்கு அர்த்தமே இல்லை. நாற்பது மைலில் சிக்னல் இல்லை என்றால், முப்பதாயிரம் அடியில் பறந்தவருக்கு அது எங்கள் குற்றம். ஐநூறு அடியில் பறந்தவருக்கு அது பூமியின் குற்றம். மாதக் கடைசியில் நான் புத்தகத்தை வாங்கி, காலியாக விட்ட ஒவ்வொரு உயரக் கட்டத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் என் நண்பர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நம்ம சார் உயிரை விடுறதுன்னா கூட, விட்ட நேரம், திசை, உயரம் எல்லாம் மூணு காப்பில எழுதிக் குடுத்துட்டுதான் விடுவார். எமன் வெளியில வெயிட் பண்ணணும்."

அறை முழுக்கச் சிரித்தது. தேநீர் கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். மோசமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒரு காலை ஷிப்ட்டில் நண்பர் பொறுப்பில் இருந்தபோது டவரிலிருந்து போன் வந்தது. பயிற்சிப் பள்ளி விமானம் ஒன்று, தனியாகப் பறந்த ஒரு மாணவி, நல்கொண்டா பக்கம் நாற்பத்தைந்து மைலில் இருக்கும்போது முள் செத்துக் கொடி வந்துவிட்டதாம். நான் அந்த நேரத்தில் அறைக்குள் வந்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"உயரம்?" என்றேன்.

"அந்தப் பொண்ணு பயந்துபோய் அழுவுதாம் சார், மேல போற வேற ப்ளைட்தான் கேட்டு டவருக்குச் சொல்லுது. அதுகிட்ட போய் உயரம் என்ன, கோத்திரம் என்னன்னா கேக்கச் சொல்றீங்க?"

"டவரைக் கேக்கலாம்."

"கேக்குறேன், கேக்குறேன். முதல்ல மெஷினைப் பாக்குறேன்."

மற்றதையெல்லாம் முறையாகச் செய்தார். நிலையத்துக்கே போய் அளவுகளைப் பார்த்தார், எல்லாம் வரம்புக்குள். அதே திசையில் வந்துகொண்டிருந்த ஒரு பெரிய விமானத்தை டவர் வழியாகக் கேட்டார். அவர்களுக்கு முள் ஆடாமல் நின்றது. நிலையம் சரியாக இயங்குகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பெண் கீழே விஜயவாடா சாலையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, லாரிகளைப் பின்தொடர்ந்து பத்திரமாக வந்து இறங்கினாள். உயரக் கட்டம் காலியாகவே இருந்தது.

பயிற்சிப் பள்ளி எழுத்தில் புகார் கொடுத்தது. மண்டல அலுவலகம் விசாரணை என்றது. அது ஒரு கடலோர நகரத்தில் இருந்தது. இந்தத் தகவல் முக்கியம். அதற்குள் டவரில் அந்த நாளின் விமான உயரங்களைக் குறித்த சீட்டுகளை விதிப்படி அழித்துவிட்டிருந்தார்கள். நான் விதிப்படி பள்ளிக்குக் கடிதம் எழுதி உயரம் கேட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: இரண்டாயிரத்து ஐநூறு அடி.

என் நண்பர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தீங்களா சார், தவழ்ந்துட்டு போயிருக்கு. ரெண்டாயிரத்து ஐநூறுல நல்கொண்டாகிட்ட நின்னு சிக்னல் கேட்டா எங்கேர்ந்து குடுப்பேன், பாக்கெட்லேர்ந்தா?"

அவர் சொன்னது சரி. இந்த ஊரில் வேலை பார்த்த எவருக்கும் அது காகிதம் பென்சில் இல்லாமலே தெரியும். விமானி சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளப்பது. ஹைதராபாத் ஊரே கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து எழுநூற்றைம்பது அடியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாயிரத்து ஐநூறில் பறக்கிறவர் எங்கள் நிலையத்துக்கு மேலே வெறும் எழுநூற்றைம்பது அடியில்தான் இருக்கிறார். எழுநூற்றைம்பதுக்குக் கணக்குப் போட்டால் முப்பத்து நான்கு மைல். ஆண்டெனாவின் உயரத்துக்கு நான்கைந்து மைலைச் சேர்த்துக்கொண்டாலும் நாற்பது வராது. நடுவில் எங்கள் ஊர்ப் பாறைக் குன்றுகள் வேறு. நாற்பத்தைந்து மைலில் கொடி வராமல் இருந்திருந்தால்தான் விசாரணை வைத்திருக்க வேண்டும்.

கடலோர நகரத்தில் இருக்கும் அதிகாரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே கடல் மட்டமும் தரை மட்டமும் ஒன்றுதான். விமானி சொன்ன எண்ணை அப்படியே கணக்கில் போட்டுப் பழகிய கை. ஒரு மாதம் கழித்து அவருடைய விசாரணைக் குறிப்பு, ரகசியம் என்ற முத்திரையோடு என் மேஜைக்கு வந்தது. உயரம் இரண்டாயிரத்து ஐநூறு அடி. எனவே சிக்னல் அறுபத்தொரு மைல்வரை கிடைத்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து மைலில் கிடைக்கவில்லை. எனவே நிலையத்தில் கோளாறு இருந்திருக்கிறது. பொறுப்பில் இருந்தவர் அதைக் கண்டுபிடிக்காமல், சரியாக இயங்குகிறது என்று எழுதியிருக்கிறார். பெரிய விமானத்துக்குச் சிக்னல் கிடைத்தது என்ற வாதம் செல்லாது, ஏனென்றால் அது மிக உயரத்தில் பறந்தது. இந்தக் கடைசி வரியைப் படித்து வியந்தேன். உயரம் என்றால் என்ன என்று மனிதருக்குத் தெரிந்திருக்கிறது; எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சறுக்கியிருக்கிறார்.

என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இணைத்துள்ள லாக் பக்கங்கள் மூலத்துக்குச் சரியான நகல்களா?

ஒரு பழைய தாளை எடுத்துப் பென்சிலால் கழித்துப் பார்த்தேன். வர்க்கமூலம் எடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, 'சரியான நகல்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பினேன்.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் நினைவில் இருக்கின்றன. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது முறையல்ல. மேலதிகாரியின் கணக்கைத் திருத்த வேண்டுமானால் அதற்கென்று வேறு வழி இருக்கிறது, தனிக் கடிதம், தனிக் கோப்பு. குறிப்பு இன்னும் இரண்டு மேஜைகளைத் தாண்ட வேண்டும், அங்கே யாராவது பார்ப்பார்கள். எல்லாமே கேட்க ஒழுங்கான காரணங்கள். ஆனால் கையெழுத்துப் போடும்போது என் காதில் கேட்டது அந்தத் தேநீர் நேரத்துச் சிரிப்பு. மூன்று காப்பி எழுதுகிறவன் என்றாயே, இதோ, கேட்ட ஒரு காப்பியை மட்டும் எழுதுகிறேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என்று வாசிப்பவர் கேட்கலாம். ஆம், இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், கொஞ்சம் வாட்டமாக இருப்பார், பிறகு நான் பெருந்தன்மையாகக் கணக்கைச் சரிசெய்து கொடுப்பேன் என்று ஒரு மூலையில் நினைத்தும் இருந்தேன்.

வந்தது மாற்றல் உத்தரவு. வடகிழக்கில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன விமான நிலையம். நிர்வாகக் காரணங்களுக்காக என்று மட்டும் போட்டிருந்தது. அவருக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. குறிப்பை அவருக்குக் காட்டவில்லை. ரகசியம் என்பதால் காட்டக் கூடாது. காலியாக விட்ட கட்டத்துக்குத்தான் தண்டனை என்று அவர் நினைத்தார்.

"நீங்க சொல்லிட்டே இருந்தீங்க சார். நான்தான் கேக்கல" என்று என்னிடமே சொன்னார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. அந்த விதி எனக்கு எண்ணோடு மனப்பாடம். ஆனால் சொன்னால், முதலிலேயே ஏன் எழுதவில்லை என்ற கேள்வி வரும். உத்தரவு வந்துவிட்டது, ஏற்றுக்கொண்டு போய் அங்கிருந்து மனு எழுதுங்கள் என்று சொன்னேன். அதுவும் முறைப்படியான ஆலோசனைதான்.

குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுப் போனார். அவர் மனைவி முதல் வாரம் மகளை ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார். அவள் வாசலில் தரையோடு உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள் நானே என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தினேன். அவள் வெளியே வந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்தாள், பின்சீட்டைத் தொட்டாள், என் சட்டையின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். "பரவாயில்லண்ணா, நீங்க ஆபீஸுக்குக் கிளம்புங்க" என்றார் அவர் மனைவி. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அந்தக் கூடத்தில் அவள் இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

அவர் எப்போதாவது போன் செய்வார். "இங்க எல்லாரும் உயரத்தைக் கரெக்டா எழுதுறாங்க யார். எழுதலேன்னா மலை வந்து எழுதிட்டுப் போயிடும்." நான் சிரிப்பேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று அவர் என்னைக் கேட்பார். இரண்டு தெரு தள்ளி இருப்பவன் நான் அல்லவா. ஜன்னலில் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள் என்பேன்.

அந்த வருடங்களில் ஊர் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. மாதாபூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின; காலை விமானங்கள் லேப்டாப் பைகளால் நிரம்பின; என் மகனும் ஒரு பையோடு அவர்களில் ஒருவனானான். பிறகு விமான நிலையமே ஊருக்கு வெளியே போனது. நான் ஓய்வுபெற்றேன். பிரிவுபசார விழாவில், விதிகளின் நடமாடும் அகராதி என்று என்னைப் புகழ்ந்தார்கள்.

ஓய்வுக்குப் பின் செய்த முதல் வேலையாக மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், கணக்கோடு, எந்த இடத்தில் பிழை என்ற விளக்கத்தோடு. பதில் ஒழுங்காக வந்தது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டபடியால் மேற்படிக் கோப்பு விதிப்படி அழிக்கப்பட்டது. விதி எண்ணையும் குறிப்பிட்டிருந்தார்கள். எண் சரிதான்.

சில மாதங்களில் அவரும் ஓய்வுபெற்றுத் திரும்பி வந்தார். ஸ்கூட்டரை எப்போதோ விற்றுவிட்டிருந்தார்கள். வந்த மறுவாரம் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், உடம்பு பெருத்திருந்தது. அவர் இளைத்திருந்தார். கொஞ்ச நேரம் மலை, மழை, அங்கத்திய சாப்பாடு என்று பேசிவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். அந்தக் குறிப்பில் என்ன இருந்தது, கடல் மட்டம், எழுநூற்றைம்பது அடி, எல்லாம்.

"அப்ப அந்தக் காலிக் கட்டத்துக்கு இல்லையா?"

"இல்ல. அதுக்கு ஒரு வார்னிங்தான் வந்திருக்கும்."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கைக்கு யார், எதுக்கு, இத்தனை வருஷம் கழிச்சு? எனக்கு இது நக்கோ, வேணாம். வீட்டுக்காரிக்குச் சொல்லு. மெஷினை நான் சரியாப் பாக்கல, அதான் பொண்ணுக்கு இப்படி ஆச்சுன்னு நாலு வருஷமா மனசுல வெச்சிட்டிருக்கா. கேட்டா இல்லம்பா."

அவர் மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வர்க்கமூலம் அவருக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"உங்க மொட்டை மாடில நின்னா மௌலாலி குன்று தெரியுமில்லையா?"

"தெரியும்ணா."

"கீழ தெருவில நின்னா?"

"தெரியாது. எதிர்ல வீடெல்லாம் மறைக்குதே."

"குன்று அங்கதான் இருக்கு. நிக்கிற இடம்தான் கீழ. அந்த விமானம் அன்னிக்குத் தெருவில நின்னுச்சு. விசாரிச்ச அதிகாரி அது மாடில நின்னதா நெனச்சு எழுதிட்டார்."

அவர் அதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "அப்ப மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"இவர் சரியாத்தான் பாத்திருக்கார்."

"ஆமா."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். நண்பர் தரையைப் பார்த்தார். அவர்கள் இருவரும் அந்த நேரத்தில் என்னை மறந்திருந்தார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாம் என்றும் தோன்றியது. அதற்குள் அவர் மனைவி என் பக்கம் திரும்பிக் கேட்டார், குரலை உயர்த்தாமல், நாள் கிழமை விசாரிப்பதுபோல.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

விசாரணைகளில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, நினைவில்லை என்று சொல்ல இடம் உண்டு. பலருக்கு அதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"அந்தக் குறிப்பு என் மேஜைக்கு வந்த அன்னிக்கே."

அவர் மனைவி எழுந்தார். மகளின் கையைப் பிடித்து எழுப்பி, உள்ளறைக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போனார். நண்பர் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தார். மறுபடி உட்கார்ந்தார். காபி போடட்டுமா என்று அவர்தான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சமையலறையில் டப்பாக்களைத் திறந்து மூடி, சர்க்கரையைத் தேடுவது கேட்டது; நான்கு வருடம் இல்லாத வீடு. உள்ளேயிருந்து யாரும் எடுத்துக் கொடுக்க வரவில்லை. சர்க்கரை இல்லாத காபியை இருவரும் குடித்தோம். பிறகு நான் வந்துவிட்டேன்.